வளையம் உள்ளவருக்கு வழி

அத்தான் சிரித்துப் பார்க்காதவர்கள் பாரிசின் லா ஷப்பேலில் இல்லை. ஆனால் எங்கள் கடையின் நிலவறைப் படியடியில் நின்று அவர் சிரித்ததைப் பார்த்தவர்கள் ஒருவரும் இல்லை. கல்லாவில் நின்று பகிடி விடுவார். சாப்பிட வருகிற பொடியங்கள் பேசும் பிரெஞ்சை அவர்களைப் போலவே மூக்கால் பேசிக் காட்டுவார். படி என்று வந்தால் மட்டும் ஆள் வேறு. முகம் இறுகிவிடும். அந்த நேரத்தில் அவரோடு கதைத்துப் பிரயோசனம் இல்லை.

அவர் என் அக்காவின் கணவர். கார் து நோர் ஸ்டேசனுக்குப் போகும் தண்டவாளங்களுக்கும் கார் து லெஸ்ட் ஸ்டேசனுக்குப் போகும் தண்டவாளங்களுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிற தெரு ஒன்றில் அவரும் அக்காவும் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார்கள். நான் மேசைகளைப் பார்த்துக்கொண்டேன். சமையலுக்குப் புதுச்சேரிக்காரர் ஒருவர் இருந்தார். மேலே இருந்த குசினி இடியப்பம் எடுத்து வைக்கவே காணாது. பெரிய அடுப்பு, குளிர் அறை, அரிசி மூட்டை எல்லாம் கீழே நிலவறையில்தான். அங்கே போக ஒரு சுழல் படி. கல்லால் கட்டிய பழைய படி. இரண்டு தோளும் இரண்டு சுவரிலும் உரசும். மேலே நிற்பவருக்குக் கீழே இருந்து வருபவர் தெரியாது. கொதிக்கிற பாத்திரத்தோடு ஏறி வருகிறவரால் ஒரு படி பின்னால் வைக்க முடியாது.

கடை எடுத்த புதிதில் "வாறன், வாறன்" என்று கத்திக்கொண்டுதான் எல்லோரும் ஏறி இறங்கினோம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் கத்தினால் ஒருவர் சத்தம் மற்றவருக்குக் கேட்காது. அப்படித்தான் ஒருநாள் ரசப் பானையோடு ஏறிய சமையல்காரரும் வெறுங்கையோடு இறங்கிய அக்காவும் நடுப்படியில் முட்டிக்கொண்டார்கள். அக்காவின் கால் முழுக்கக் கொப்புளம். அடுத்த நாள் காலையில் அத்தான் உடைந்த வாளி ஒன்றின் கைப்பிடியைக் கழற்றி, வட்டமாக வளைத்து, சிவப்புத் துணி சுற்றிக் கொண்டுவந்தார். படிக்கு மேலே ஓர் ஆணி, கீழே ஓர் ஆணி. குழாய் போகும் ஓட்டை வழியாக ஒரு கயிறு விட்டு, நுனியில் ஒரு கொக்கி. மேலே இருக்கும் வளையம் கீழே தேவைப்பட்டால் கயிற்றில் இறக்கலாம், கீழே இருப்பதை இழுத்து எடுக்கலாம்.

"வளையம் கையிலை இருக்கிற ஆளுக்குத்தான் படி. மற்ற ஆக்கள் நிக்கோணும். நான் எண்டாலும் நிக்கோணும், முருகன் வந்தாலும் நிக்கோணும்" என்றார்.

"அத்தான், இது சாப்பாட்டுக்கடையோ ரெயில்வே ஸ்டேசனோ?" என்று கேட்டேன்.

"ஸ்டேசன்தான் பிள்ளை. ஒற்றைப் பாதை."

சமையல்காரர் வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பொண்ணுக்குத் தாலி, படிக்கு வளையமா பத்ரோன்?" என்றார். முதலாளியைப் பிரெஞ்சில் பத்ரோன் என்றுதான் கூப்பிடுவார். பத்ரோன் சிரிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடை நிறைந்த கூட்டம். ஒபர்வில்லியேயிலிருந்து மரக்கறி வான் வந்து நின்றது. நிலவறையில் இருந்து நடைபாதைக்கு ஓர் இரும்பு மூடி உண்டு. சாமான் இறக்குவதற்கானது. சமையல்காரர் வளையத்தைக் கயிற்றுக் கொக்கியில் போடாமல் கீழ் ஆணியில் மாட்டிவிட்டு, அந்த மூடி வழியாக ஏறி வெளியே போய்ப் பெட்டிகளை இறக்கிவிட்டு, மறதியில் முன் கதவால் உள்ளே வந்துவிட்டார். வளையம் கீழே, நாங்கள் எல்லோரும் மேலே, சாம்பாரும் கீழே. சனம் தட்டை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டு இருக்கிறது.

சமையல்காரர் தன்பாட்டில் படியில் இறங்கப் போனார். அத்தான் கையைக் குறுக்கே நீட்டினார்.

"கீழ யாரு பத்ரோன் இருக்கா? நான் இங்க நிக்கிறேன், நீங்க இங்க நிக்கிறீங்க, அக்காவும் தங்கச்சியும் இங்க நிக்கிறாங்க. பேயா இருக்கு?"

"ஒருத்தரும் இல்லை எண்டு நீர் நினைக்கிறீர். வளையம் சொல்லேல்லை."

சொல்லிவிட்டு, வெள்ளைச் சட்டையோடு தெருவுக்குப் போனார். மூடியைத் தூக்கி, இரும்பு ஏணியில் இறங்கி, தலையில் சிலந்தி வலையும் கையில் வளையமுமாகப் படியால் ஏறி வந்தார். சாப்பிட இருந்தவர்கள் கைதட்டினார்கள். ஒரு பொடியன் விசில் அடித்தான். அக்காவுக்கு முகம் கறுத்துவிட்டது. "உங்களுக்கு விசர்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனாள். எனக்கும் அதுதான் எண்ணம்.

இந்த விசர் எங்கே பிடித்தது என்று எங்களுக்குத் தெரியும். இங்கிலாந்தில். கலியாணத்துக்கு முன்னால் அவர் வட இங்கிலாந்தில் படித்துக்கொண்டு இருந்தவர். அங்கிருந்து இரண்டு சிநேகிதர்கள், ஒருவர் மெலிந்தவர், ஒருவர் தடித்தவர், வருசத்துக்கு ஒருமுறை வசந்த காலத்தில் ரயில் ஏறிப் பாரிசுக்கு வருவார்கள். ஈஃபில் கோபுரத்தைப் பார்க்க மாட்டார்கள். எங்கள் மூலை மேசையில் அமர்ந்து, கொத்துரொட்டி உறைப்பில் கண்ணீர் வழிய வழிய, இளமையில் மூவரும் சுற்றித் திரிந்த கிளைப்பாதை ஒன்றைப் பற்றிப் பேசுவார்கள். ஊர்ப் பெயர்கள் எனக்கு நினைவில் நிற்பதில்லை. எல்லா ஊரும் 'டேல்' என்று முடியும்.

இரண்டே பெட்டி டீசல் வண்டி. ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் கண்ணாடி; முன் இருக்கையைப் பிடித்தவனுக்குப் பாதை முழுக்கத் தெரியும். இருக்கைக்குக் கீழே இருக்கிற சூடு கெண்டைக்காலைச் சுட்டுவிடும், ஜன்னலால் வரும் குளிர் காதை அறுக்கும். சின்ன ஸ்டேசன்களில் பஸ்ஸுக்குப் போலக் கை காட்டினால்தான் வண்டி நிற்கும். இறங்க வேண்டுமென்றால் கார்டிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். அவர் சந்தைக்குப் போகும் கிழவிகளின் பைகளைத் தூக்கிக் கொடுப்பார். ஒரு ஸ்டேசனின் வேலி பச்சையா, கிறீமா என்று மூன்று மனிதர்கள் தேத்தண்ணீர் ஆறும்வரை சண்டை பிடித்ததை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு எரிச்சல்தான் வரும். அவர் ஊரைவிட்டுப் போனபோது யாழ்ப்பாணத்துக்கு ரயில் ஓடியது. நான் வளர்ந்தபோது தண்டவாளம் கிடந்த இடத்தில் ஆடு மேய்ந்தது. இல்லாத ரயிலை நினைத்து என்னால் உருக முடியவில்லை.

ஒரு வருசம் தடித்தவர் பனிக்காலக் கதை ஒன்றைத் தொடங்கினார். அத்தான் எங்களுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். அந்தப் பாதையின் ஒரு பகுதி ஒற்றைத் தண்டவாளம். எதிரெதிரே இரண்டு வண்டி வந்துவிடக் கூடாது என்பதற்காக அதற்கு ஓர் இரும்பு வளையம். அதைக் கையில் வாங்காமல் ஓட்டுநர் வண்டியை எடுக்க மாட்டார். அன்றைக்கு நல்ல பனி. டெலிபோன் கம்பி அறுந்துவிட்டது. வளையம் அடுத்த ஸ்டேசனில் கிடக்கிறது, கொண்டுவர ஆள் இல்லை, அவ்வளவுதான் விசயம் என்று வண்டியில் இருந்த எல்லோருக்கும் நிச்சயம்.

இந்த இடத்தில் அத்தான் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டார். தடித்தவர் அவரைக் கையால் காட்டிக் காட்டிப் பேசினார்.

"என்னவாம்?" என்றாள் அக்கா.

"நான்தான் கூடக் கத்தினதாம்." அத்தான் தண்ணீர்க் கிளாசைச் சுற்றிக்கொண்டு இருந்தார். "அடுத்த நாள் காலமை எனக்கு விசா விசாரணை. போகாட்டி இங்கிலாந்து இல்லை. இறங்கிப் போய் டிரைவரின்ரை ஜன்னலிலை அடிச்சன். பாதை சும்மாதானே கிடக்கு, எடடா கிழவா வண்டியை எண்டு தமிழிலையே கத்தினன். அந்தாள் கையுறையைக் கழட்டிப்போட்டு வெறுங்கையைக் காட்டினார்."

"பிறகு?"

"பிறகென்ன. அந்தச் சும்மா கிடந்த பாதையிலை, பனிக்குள்ளாலை, பனி தள்ளுற எஞ்சின் ஒண்டு வந்தது. கிட்ட வருமட்டும் வெளிச்சமே தெரியேல்லை. அதை ஓட்டினவன்ரை தோளிலை வளையம்."

தடித்தவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கதை எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். இரண்டு உள்ளங்கைகளையும் ஒருமுறை ஓங்கி அடித்தார். பக்கத்து மேசைக் குழந்தை அழத் தொடங்கியது.

விசாரணைக்குப் போக முடியாமல் போனது. இங்கிலாந்து கைவிட்டது. பாரிசுக்கு வந்தவர் அக்காவைக் கட்டினார். "அப்ப அந்த வளையத்தாலை வந்த வினை நான்" என்று அக்கா சொன்னாள். அத்தான் அதை இங்கிலீசில் சொல்ல, மூவரும் சிரித்தார்கள்.

அடுத்த தேர்த் திருவிழா அன்றுதான் அது நடந்தது. ரூ பஜோல் கோயிலில் இருந்து பிள்ளையார் புறப்பட்டுவிட்டார். எங்கள் வாசலில் சிதறு தேங்காய் மலையாகக் குவிந்திருந்தது. நடைபாதை மூடி அதற்கு அடியில். சனத்துக்கு இடம் விட்டுக் குவித்தபோது அதை ஒருவரும் யோசிக்கவில்லை. அக்கா கீழே தனியாக வடை சுட்டுக்கொண்டு இருந்தாள், வருகிற சனத்துக்குச் சும்மா கொடுப்பதற்கு. ஒரு பாத்திரம் நிறைந்ததும் குழாய் ஓட்டையால் "வளையத்தை விடு, நான் வாறன்" என்று கூப்பிட்டாள். நான்தான் கொக்கியில் மாட்டி இறக்கினேன்.

கயிறு திரும்பி வருவதற்குள் கீழே 'டப்' என்று ஒரு சத்தம். நிலவறை விளக்கு அணைந்தது. அக்கா ஒருமுறை "ஐயோ" என்றாள். பிறகு சத்தம் இல்லை. எண்ணெய் எரிகிற நாற்றம் வந்தது, அதற்குப் பின்னால் படிவாயால் புகை வந்தது, கரும்புகை.

நான் ஓடினேன். அத்தான் எனக்கு முன்னால் அங்கே நின்றார். முதுகைப் படிப்பக்கம் வைத்து, எங்களைப் பார்த்து, இரண்டு கையையும் இரண்டு பக்கத்து நிலையிலும் ஊன்றிக்கொண்டு நின்றார்.

"நகருங்க பத்ரோன்! அக்கா கீழ இருக்காங்க!"

"வளையம் கீழை."

"நெருப்பு பத்ரோன்!"

"வளையம் கீழை. ஒருத்தரும் இறங்கேலாது. பொம்பியேக்கு அடியும். மூடியைத் திறவும்."

சமையல்காரர் தீயணைப்புக்காரருக்கு அடித்துக் கத்திக்கொண்டே தெருவுக்கு ஓடினார். கண்ணாடியால் பார்த்தேன். சாமி கும்பிட நிற்கிற சனத்துக்கு நடுவில் அவர் தேங்காய்களைக் காலால் உதைத்துத் தள்ளுகிறார். வெறிகாரன் என்று நினைத்து இரண்டு பேர் அவரைப் பிடித்து இழுக்கிறார்கள். நாதஸ்வரமும் தவிலும் ஒரு சொல்லைக் கேட்க விடவில்லை.

"விடுங்கோ அத்தான்! அவள் என்ரை அக்கா!"

அவர் விடவில்லை. தள்ளிப் பார்த்தேன். மார்பில் குத்தினேன். பிறகு அவர் முன்கையைக் கடித்தேன். வாயில் இரத்தம் உப்புக் கரித்தது. கையை இழுக்கக்கூட இல்லை அந்த மனுசன். தலையைச் சாய்த்து, காதைப் படிப்பக்கம் கொடுத்துக்கொண்டு நின்றார். இந்த மனுசனை உயிரோடு இருக்குமட்டும் மன்னிக்க மாட்டேன் என்று அந்த நேரத்தில் நினைத்தேன். ஓர் எரிகிற வீட்டின் வாசலில் நின்று வாளிக் கைப்பிடிக்கு மரியாதை கொடுக்கிறவன் மனுசனா?

அப்போது காலடிச் சத்தம் கேட்டது. நடக்கிற சத்தம் இல்லை. புகைக்குள்ளிருந்து அக்கா ஓடி வந்தாள், வந்த வேகத்தில் அத்தானின் முதுகில் மோதினாள், மூவரும் ஒருவர்மேல் ஒருவராகத் தரையில் விழுந்தோம். முகத்தில் ஈரத் துவாய், கருகின தலைமயிர். முழங்கைக்கு மேல் வளையம்.

பொம்பியே வந்து நெருப்பை அணைத்தார்கள். அக்காவை வாகனத்தில் ஏற்றி வாயில் காற்றுக் குழாய் வைத்தார்கள். நான் பக்கத்தில் இருந்து அழுதேன். "இந்த மனுசன் ஒருத்தரையும் இறங்க விடேல்லை அக்கா. நிண்டு பாத்துக்கொண்டு இருந்தவர்!"

அக்கா குழாயை எடுத்தாள். "அதாலைதான் வந்தனான்" என்றாள்.

"என்ன?"

"கண் தெரியேல்லை. சுவரைத் தடவிக்கொண்டு ஒரே ஓட்டம். வளையம் என்ரை கையிலை. மேலை அவர் நிக்கிறார். படியிலை ஒருத்தரும் இல்லை எண்டு எனக்குத் தெரியும். ஆரும் இறங்கி வருகினமோ எண்டு யோசிச்சிருந்தா நிண்டு நிண்டு கூப்பிட்டுப் பாத்திருப்பன். நிண்டிருந்தா அந்தப் புகையிலை..." இருமல் வந்துவிட்டது. குழாயைத் திரும்ப வைத்துக்கொண்டாள்.

தலைக்கு விளங்கியது. மனதுக்கு விளங்கவில்லை. அக்கா கீழே மயங்கி விழுந்திருந்தால்? வளையத்தைக் கொண்டுவர ஆள் இல்லை என்று பொம்பியே வருமட்டும் அப்படியே நின்றிருப்பாரா? இந்தக் கேள்வியைக் கேட்கப் பல தரம் வாய் எடுத்தேன். பதில் 'ஓம்' என்று வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் விழுங்கிக்கொண்டேன். அவருக்குத் தேத்தண்ணீர் வைப்பேன், முகத்தைப் பார்க்க மாட்டேன். கடை திரும்பத் திறந்தது, வளையம் திரும்ப ஆணிக்கு வந்தது. இப்போது ஒருவரும் பகிடி பண்ணவில்லை. அவர் கையில் என் பல் அடையாளம் மாறவே இல்லை. யாராவது கேட்டால் "நாய் கடிச்சது" என்பார், என்னைப் பார்த்துக்கொண்டு.

போன மாரியில் அவருக்கு இருதயம் இயலாமல் போனது. ஆஸ்பத்திரியில் கடும் நோயாளர் பகுதியில் கிடத்தியிருந்தார்கள். உள்ளே ஒரு நேரத்தில் ஒருவர்தான் போகலாம் என்று நேர்ஸ் சொன்னாள். அக்கா கைப்பையைத் திறந்து வளையத்தை எடுத்தாள். ஆணியில் இருந்து கழற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். நேர்ஸ் அதைப் பார்த்தாள், அக்காவின் முகத்தைப் பார்த்தாள், கதவைத் திறந்துவிட்டாள். சமையல்காரரும் நானும் வெளியே நாற்காலியில் இருந்தோம். அக்கா போய்விட்டு வந்து வளையத்தை என்னிடம் தந்தாள். "நீ போ."

அத்தான் பாதியாகிவிட்டார். என் கையில் வளையத்தைக் கண்டதும் கண் மட்டும் சிரித்தது. அருகில் இருந்தேன். பக்கத்தில் இயந்திரம் ஒன்று சத்தம் போட்டுக்கொண்டு இருந்தது. இனிமேல் கேட்காவிட்டால் கேட்க ஆள் இருக்காது என்று தெரிந்தது.

"அத்தான், அண்டைக்கு அக்கா வராட்டி நீங்கள் என்ன செய்திருப்பியள்?"

கண்ணை மூடினார். நித்திரையாகிவிட்டார் என்று நினைத்தேன்.

"நீ என்ரை கையைத்தானே கடிச்சனீ" என்றார். குரல் காற்றாக வந்தது. "காலைப் பாத்தனியோ?"

"இல்லை."

"ஒரு கால் படியிலை நிண்டது. பின்னாலை, புகைக்குள்ளை. முதல் படிகூட இல்லை, அதுக்குக் கீழை."

அவர் மூச்சு வாங்கினார்.

"வளையம் இல்லாமல் வைச்ச கால் பிள்ளை. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா இறங்கியிருப்பன். நடுப்படியிலை அவளை முட்டியிருப்பன்." கை என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது. "அக்காவுக்குச் சொல்லாதை. நான் நிக்கிறன் எண்டு நம்பித்தானே அவள் ஓடி வந்தவள்."

அந்தப் பல் அடையாளத்தில் என் கையை வைத்துக்கொண்டு அழுதேன். இவ்வளவு வருசம் இந்த மனுசனின் முகத்தைப் பார்க்காமல் தேத்தண்ணீர் வைத்திருக்கிறேன்.

வெளியே வந்து வளையத்தை அக்காவிடம் கொடுத்தேன்.

"என்ன கதைச்சவர்?"

"ரெயில் கதைதான்."

அக்கா உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் இயந்திரத்தின் சத்தம் மாறியது. பிறகு அதை யாரோ நிறுத்தினார்கள். நேர்ஸ் வெளியே வந்து எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். உள்ளே அக்காவின் குரல் கேட்டது. அவரோடுதான் பேசிக்கொண்டு இருந்தாள், கோபித்துக்கொள்கிற மாதிரி.

சமையல்காரர் எழுந்து ஓடி வந்தார். "அக்கா தனியா இருக்காங்க, நகரும்மா!"

நான் எப்போது வாசலுக்குப் போனேன் என்று தெரியாது. அறைக்கு முதுகைக் காட்டி, இரண்டு கையையும் இரண்டு பக்கத்து நிலையிலும் ஊன்றிக்கொண்டு நின்றேன்.

"வளையம் உள்ளை. அவ வரட்டும்" என்றேன்.

அவர் நின்றுவிட்டார். குனிந்து பார்த்தேன். என் ஒரு கால் வாசலைத் தாண்டி உள்ளே நின்றது.